கேப்டன் காப்பி குடிக்கவில்லை

ஒடாலிஸுக்குக் கொடுத்திருந்த தவணை மூன்று மாதம். மூன்றாம் மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமை, மதியச் சாப்பாட்டு மணிக்கு முன்னால் ஓட்டெடுப்பு. அதில் தேறினால் மேடை அவளுடையது. தேறாவிட்டால் திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குக் கீழறைக்குப் போய் மறுபடியும் புகையிலை நரம்பு உரிக்க வேண்டும்.

கீழறையில் அவள் பதினோரு வருஷம் இருந்தவள். ஈரப் புகையிலையை மடியில் போட்டுக்கொண்டு, இலையின் நடுநரம்பை ஒரே இழுப்பில் உருவியெடுக்கும் வேலை. இலை காய்ந்துவிடும் என்று ஜன்னலைத் திறக்க விடமாட்டார்கள். தும்மல், இருமல், முழங்கால் வலி மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து அவளோடு தங்கிவிட்டன. அந்தப் பதினோரு வருஷமும் தலைக்கு மேல், மரத்தளத்தின் இடுக்கு வழியாக, வாசிப்பவரின் குரல் மட்டும் கசிந்து வரும். பாதி வாக்கியம் வரும், மீதி வராது. மீதியை அவளே போட்டுக்கொள்வாள். பழக்கம் அங்கேதான் தொடங்கியது என்று வைத்துக்கொள்ளலாம்.

எல் கோலிப்ரி சுருட்டுத் தொழிற்சாலையில் வாசிப்பாளர் வேலை மேலதிகாரி கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது அல்ல. மேல்கூடத்தில் சுருட்டுச் சுற்றுகிற நூற்றுப் பதினெட்டுப் பேரும் ஓட்டுப் போட்டுத்தான் ஆளை மேடையேற்றுவார்கள். காலையில் செய்தித்தாள், மதியத்துக்கு மேல் நாவல். கை சுற்றிக்கொண்டிருக்கும், காது மேடையில் இருக்கும். வாசிப்பு பிடித்துப்போனால் இலை வெட்டும் பிறைக்கத்தியால் மேசைப் பலகையைத் தட்டுவார்கள். நூற்றுப் பதினெட்டுக் கத்தியும் சேர்ந்து தட்டினால் தகரக் கூரையில் ஆலங்கட்டி விழுந்த மாதிரி இருக்கும். பிடிக்காவிட்டால் கத்தியைத் தரையில் போடுவார்கள். ஒரு வார்த்தை திட்ட மாட்டார்கள். கத்தி விழுகிற சத்தமே போதும்.

பழைய வாசிப்பாளர் மகள் வீட்டோடு ஹவானாவுக்குப் போய்விட்டதால் இடம் காலியானது. வானொலி நிலையத்தில் வேலை பார்த்த ஒருவர், பீப்பாய்க்குள்ளிருந்து பேசுவது போன்ற குரலோடு, மனுப் போட்டுவிட்டுக் காத்திருந்தார். முதல் வாய்ப்பை உள் ஆளுக்குக் கொடுப்போம் என்று சொல்லி ஒடாலிஸுக்கு மூன்று மாதம் கொடுத்தார்கள்.

அவள் வேலை தொடங்கிய சில நாளில்தான் தொலைக்காட்சியில் ‘உப்பளத்து வீடு’ தொடங்கியது. செவ்வாயும் வியாழனும் மாலை ஏழரை மணி. மொத்தம் இருபத்து நாலு பகுதி. உப்பளத்து மேலாளர் ஒருவர் செத்துக் கிடக்கிறார். இடது கால் செருப்பு ஈரம், வலது கால் செருப்பு காய்ந்திருக்கிறது. துப்புத் துலக்க கேப்டன் அரென்சிபியா வருகிறார். முதல் மூன்று பகுதியை ஊரே உட்கார்ந்து பார்த்தது. நாலாவது பகுதியன்று மின்வெட்டு அட்டவணை மாறியது.

தொழிற்சாலைக் குடியிருப்பு முழுக்க நாலாம் லைன். செவ்வாயும் வியாழனும் மாலை ஆறு முதல் பத்து வரை அவர்களுக்கும் ஊரின் மற்ற லைன்களுக்கும் கரண்ட் கிடையாது என்று எழுதி ஒட்டிவிட்டார்கள். ஒடாலிஸ் மட்டும் ஆஸ்பத்திரிக்குப் பின்னால் குடியிருந்தாள். ஆஸ்பத்திரி லைனை இரண்டு வருஷமாக யாரும் தொட்டதில்லை. அந்த லைனில் இருந்த மற்றவர்கள் டாக்டர்களும் நர்சுகளும். அவர்களுக்குக் கரண்ட் இருந்தது, பொறுமை இல்லை. ஐந்தாம் பகுதியோடு பெட்டியை அணைத்துவிட்டுத் தூங்கப் போனார்கள். ஆகவே சான் ஹெரோனிமோ ஊரில் ‘உப்பளத்து வீட்டை’ விடாமல் பார்த்த ஒரே ஜீவன் ஒடாலிஸ்தான். அதுவும் சும்மா பார்க்கவில்லை. கோடு போட்ட பள்ளிக்கூட நோட்டு ஒன்றில் தேதி, பகுதி எண், நடந்தது என்று மூன்று கட்டம் கட்டி எழுதிக்கொண்டு பார்த்தாள்.

மறுநாள் காலை செய்தித்தாளை மடித்து வைத்ததும், “தோழர், நேத்து என்ன ஆச்சு?” என்று முன்வரிசையிலிருந்து எலிகியோ கேட்டான். எலிகியோவுக்கு ஐம்பது வயது, இடக்கைக்காரன். கூடத்தில் யார் எது சொன்னாலும் அதற்கு ஒரு வால் ஒட்டாமல் விடமாட்டான்.

ஒடாலிஸ் நோட்டைப் பார்த்து ஒழுங்காகச் சொன்னாள். “கேப்டன் உப்பளத்து ஆபீசுக்குப் போனார். கதவு பூட்டியிருந்தது. பூட்டைப் பாத்தார். திரும்பி வந்துட்டார்.”

“அப்புறம்?”

“அப்புறம் பேர் போட்டுட்டாங்க.”

“யார் பேரு, கொலைகாரன் பேரா?”

“நடிச்சவங்க பேரு.”

ஐந்தாம் பகுதியில் கேப்டன் ஜன்னல் வழியாகக் கடலைப் பார்த்தார். ஆறாம் பகுதியில் அதே கடலை வேறு ஜன்னல் வழியாகப் பார்த்தார். கூடம் இரண்டு கட்சியாகப் பிரிந்தது.

“செத்தவனுக்கே சலிச்சுப் போயிருக்கும். எந்திரிச்சு வந்து, யோவ் நானே சொல்லிடறேன்யான்னு சொல்லப் போறான் பாரு” என்றான் எலிகியோ.

“உனக்கு எல்லாமே ஓடிக்கிட்டே இருக்கணும்” என்றாள் அவனுக்கு அடுத்த மேசை மிக்டாலியா. அறுபதைத் தொட்டவள். கூடத்திலேயே நிதானமாகச் சுற்றுவாள், அவள் சுருட்டு ஒன்றுகூடத் தள்ளுபடியாகாது. “அந்த மனுஷன் யோசிக்கிறாருடா. யோசிக்க எவ்ளோ நேரம் ஆகும்னு உனக்கு எப்படித் தெரியும், நீ ஒரு தடவையாவது யோசிச்சிருந்தாத்தானே?”

“ஆறு பகுதியா யோசிப்பாரா?”

“எங்க வீட்டுக்காரர் என்னைக் கட்டிக்கிறியான்னு கேக்க ஒம்பது வருஷம் எடுத்துக்கிட்டார். கேப்டன் எவ்வளவோ பரவால்ல.”

ஆனால் மிக்டாலியாவின் கட்சியில் ஆறேழு பேர்தான் இருந்தார்கள். எட்டாம் பகுதியில் கேப்டன் தையல்காரரைத் தேடிப் போனார். தையல்காரர் இல்லை. கேப்டன் காத்திருந்தார். ஒடாலிஸ் அதைச் சொல்லி முடித்ததும் பின்வரிசையில் ஒரு கத்தி விழுந்தது. அப்புறம் ஒன்று. மொத்தம் பதினேழு. அவள் எண்ணினாள். எண்ணாமல் இருக்க முடியவில்லை. வாசிப்புக் குழுத் தலைவர் ஃபெர்மின் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி, “வானொலிக்காரர் நேத்தும் வந்து விசாரிச்சுட்டுப் போனார்” என்று பொதுவாகச் சொன்னார்.

அன்று வீட்டுக்கு நடக்கிற வழியெல்லாம் ஒடாலிஸுக்கு முழங்கால் வலித்தது. மேடையேறிய நாளிலிருந்து வலிக்காத முழங்கால்.

ஒன்பதாம் பகுதியில் கேப்டன் கடற்கரையில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்தார். நோட்டில் அவள் அப்படித்தான் எழுதினாள். ஆனால் மறுநாள் மேடையில் வாயைத் திறந்தபோது வேறு ஏதோ வந்தது.

“கேப்டன் கடற்கரையில உக்காந்திருந்தார். ஆரஞ்சு உரிச்சார். உரிச்ச தோலைப் போடக் குனிஞ்சவர் மணல்ல ஒண்ணைப் பாத்தார். பாதி புகைச்ச சுருட்டுத் துண்டு.”

கூடத்தில் கை நின்றது. சுருட்டுத் துண்டா!

“மேலிலை எப்படி?” என்று ஒரு குரல்.

“நல்ல எண்ணெய்ப் பசை. கறுப்பும் இல்ல சிவப்பும் இல்ல, நடுநிறம்.”

“முனை எப்படி மூடியிருந்துச்சு?”

ஒடாலிஸ் ஒரு கணம் மூச்சு வாங்கினாள். “அதைத்தான் கேப்டனும் பாத்தார். பாத்துட்டுச் சொன்னார்: இது இடக்கைக்காரன் சுத்துன சுருட்டு.”

முதலில் எலிகியோவின் கத்திதான் பலகையில் தட்டியது. பிறகு கூடமே தட்டியது. ஆலங்கட்டி மழை. கீழறையிலிருந்து பெண்கள் மேலே ஏறி வந்து எட்டிப் பார்த்தார்கள்.

அதற்குப் பிறகு நிறுத்தத் தெரியவில்லை. பத்தாம் பகுதியில் செத்த மேலாளரின் விதவைக்குக் காமாகுவே நகரத்தில் ஓர் இரட்டைச் சகோதரி முளைத்தாள். பன்னிரண்டில் கொய்யா அல்வாவில் விஷம் இருந்தது. பதினைந்தில் இரட்டைச் சகோதரி படகில் தப்பிப் போகும்போது கேப்டனைத் திரும்பிப் பார்த்தாள். அன்று ஏழு பேர் அழுதார்கள், அதில் எலிகியோவும் ஒருவன். எலிகியோவுக்கு இப்போது ஊரில் தனி மரியாதை. ரொட்டி வரிசையில் நிற்கும்போது, “கதையில இடக்கைக்காரன் வர்றான் தெரியும்ல? நம்ம ஆளுதான்” என்று தன்னையே காட்டிக்கொள்வான். வரிசையில் அவனை முன்னே விடுகிறவர்கள்கூட இருந்தார்கள்.

உண்மையில் அந்தப் பகுதிகளில் நடந்தது எல்லாம் நோட்டில் இருந்தது. ‘பகுதி 13. கேப்டன் குடையை மறந்து வைத்துவிட்டார். எடுத்து வந்தார்.’ ‘பகுதி 17. மழை.’

இரவானால் மனசு உறுத்தும். ஆனால் உறுத்தலையும் கீழறையையும் எடை போட்டுப் பார்த்தால் தராசு எந்தப் பக்கம் இறங்கும் என்று அவளுக்குத் தெரியும். ஓட்டெடுப்பு முடியட்டும், அப்புறம் மெதுவாக உண்மைக்குத் திரும்பிவிடலாம் என்று சொல்லிக்கொண்டாள்.

இருபத்திரண்டாம் பகுதி வர வேண்டிய வியாழக்கிழமை மாலை ஐந்தரை மணிக்கு, ஆஸ்பத்திரிக்குப் பக்கத்து மின்மாற்றி பெரிய சத்தத்தோடு வெடித்தது. ஆஸ்பத்திரி தன் சொந்த இயந்திரத்தை ஓட்டிக்கொண்டது. பின்னால் இருந்த தெருக்கள் இருண்டு போயின. ஒடாலிஸ் நோட்டைத் திறந்து வைத்து, கறுத்துக் கிடந்த பெட்டிக்கு முன்னால் பத்து மணி வரைக்கும் உட்கார்ந்திருந்தாள். கரண்ட் வரவில்லை.

முதலில் பதறினாள். பிறகு யோசித்தாள். ஆஸ்பத்திரி லைனே போய்விட்டது என்றால் ஊரில் எந்த லைனில் கரண்ட் இருக்கப் போகிறது? நாலாம் லைனுக்கு எப்படியும் வியாழன் இருட்டுதான். ஆக, இன்றைய பகுதியை ஊரில் ஒருவரும் பார்க்கவில்லை. இதுவரை உண்மையை அறிந்துகொண்டு மாற்றினாள். இன்று மாற்றுவதற்கு உண்மையே கிடையாது. அப்படிப் பார்த்தால் அது பொய்யும் ஆகாது. இந்தக் கணக்கு அவளுக்குப் பிடித்திருந்தது. நன்றாகத் தூங்கினாள்.

அவளுக்குத் தெரியாத ஒன்று இருந்தது. ஆஸ்பத்திரி லைனுக்குப் போக வேண்டியது வீணாகக் கிடக்கிறதே என்று மின்நிலையத்தில் இருந்தவர்கள் அதை ஆறே முக்காலுக்கு நாலாம் லைனுக்குத் திருப்பிவிட்டார்கள். இரண்டு மாதத்துக்குப் பிறகு ஒரு வியாழன் மாலை குடியிருப்பில் பெட்டிகள் விழித்தன. பெட்டி இல்லாதவர்கள் பெட்டி இருந்த வீட்டுக்குள் நெருக்கியடித்தார்கள். நூற்றுப் பதினெட்டுப் பேரும் பார்த்தார்கள்.

வெள்ளிக்கிழமை காலை ஒடாலிஸ் தன்னிடமிருந்த ஒரே நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு மேடையேறினாள். செய்தித்தாளை வாசித்தாள். கூடம் வழக்கத்தைவிட அமைதியாக இருப்பது போலத் தோன்றியது. ஓட்டெடுப்பு நாள் அல்லவா, மரியாதை என்று நினைத்துக்கொண்டாள்.

“தோழர், நேத்து என்ன ஆச்சு?” என்றான் எலிகியோ. ரொம்பப் பணிவாகக் கேட்டான்.

“நேத்து…” என்று ஒடாலிஸ் மேடைப் பலகையில் இரண்டு கையையும் ஊன்றினாள். “நேத்து மாதிரி ஒரு பகுதி இதுவரைக்கும் வந்ததே இல்ல.”

“அது நெசம்தான்” என்று யாரோ முனகினார்கள்.

“கேப்டன் காலையிலேயே கெளம்பிட்டார். கையில அந்தச் சுருட்டுத் துண்டு. நேரா எங்க போனார் தெரியுமா? ஒரு சுருட்டுத் தொழிற்சாலைக்கு!”

இந்த இடத்தில் கூரை பிய்ந்து போகும் என்று எதிர்பார்த்திருந்தாள். ஒரு கத்தியும் தட்டவில்லை. எலிகியோ குனிந்து மேலிலையை நீவிக்கொண்டிருந்தான். “நேத்து மழை பெஞ்சுதா தோழர்?”

“மழையா? இல்லையே. நல்ல வெயிலு.”

பின்வரிசையில் யாருக்கோ புரையேறியது.

“கேப்டன் தொப்பி போட்டிருந்தாரா?”

“தொப்பி இல்ல. அவசரத்துல மறந்துட்டார்.”

“பாவம். வெயில்ல தொப்பி இல்லாம” என்றான் எலிகியோ. “களைச்சுப் போயிருப்பாரே. காப்பி ஏதாச்சும் குடிச்சாரா?”

“குடிச்சாரே! தொழிற்சாலையில குடுத்தாங்க. ரெண்டு கப்பு—”

“குடிக்கல!” மிக்டாலியா எழுந்து நின்றுவிட்டாள். இதுவரை அடக்கியதெல்லாம் ஒரே மூச்சில் வந்தது. “குடிக்கலடி அம்மா! விதவைதான் குடுத்தா. பத்தொம்பது தடவை கலக்குனாரு. நானே எண்ணுனேன். குடிக்காம கீழ வச்சுட்டாரு!”

கூடம் வெடித்தது. சிரிப்பு என்றால் சாதாரணச் சிரிப்பு இல்லை. மேசையில் தலையை வைத்துக்கொண்டு சிரித்தார்கள். ஒருவர் சுற்றிக்கொண்டிருந்த சுருட்டை நசுக்கிவிட்டார். ஒடாலிஸுக்குக் காது அடைத்தது. நாலாம் லைன், மின்மாற்றி, ஆறே முக்கால் என்று நாலா பக்கத்திலிருந்தும் துண்டு துண்டாக வந்து விழுந்தது. அவள் அதை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்து முடித்து, நோட்டை மூடினாள்.

“எதுல இருந்து?” ஃபெர்மின் எழுந்தார். அவர் சிரிக்கவில்லை. “எந்தப் பகுதியில இருந்து?”

“ஒம்பதுல இருந்து” என்றாள் ஒடாலிஸ். மறைத்து இனி ஆகப்போவது ஒன்றுமில்லை.

“காமாகுவே சகோதரி?”

“நான்தான்.”

“கொய்யா அல்வா?”

“அதுவும்.”

எலிகியோவின் சிரிப்பு மெதுவாக நின்றது. அவளை மாட்டிவிட்டு வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு இப்போதுதான் ஏதோ உறைத்தது. “இருங்க, இருங்க. அந்த இடக்கைக்காரன்?”

ஒடாலிஸ் அவன் முகத்தைப் பார்க்க முடியாமல் நோட்டைப் பார்த்தாள். “கேப்டன் ஆரஞ்சு மட்டும்தான் உரிச்சார், எலிகியோ.”

“அப்ப நான் கதையிலயே இல்லையா?”

ரொட்டி வரிசையை நினைத்துக்கொண்டவன் போல அவன் தன் இடது கையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான்.

ஃபெர்மின் கண்ணாடியைக் கழற்றினார். “வாசிப்பாளர்னா உள்ளதை வாசிக்கணும். இன்னைக்கு நாடகத்தை மாத்துறவங்க நாளைக்கு எதை மாத்துவாங்க? போன மாசம் ஆளுக்கு ரெண்டு சோப்பு வருதுன்னு செய்தி படிச்சீங்களே, சோப்பு இன்னும் வரல, அதுவும் உங்க கைச்சரக்குதானா?”

“இல்ல தோழர். அது பேப்பர்லயே போட்டிருந்தது.”

ஒருவரும் சிரிக்கவில்லை. ஆனால் ஏறத்தாழ எல்லோருக்கும் ஒரே சமயத்தில் இருமல் வந்தது. ஃபெர்மின் இருமல் அடங்கும் வரை காத்திருந்து, அந்த விஷயத்தை மேற்கொண்டு கிளறாமல், “ஓட்டெடுப்புக்கு முன்னாடி ஏதாவது சொல்லணும்னா சொல்லலாம்” என்றார்.

“நாலுல இருந்து எட்டு வரைக்கும் உள்ளதைத்தான் சொன்னேன்” என்றாள் ஒடாலிஸ். “பதினேழு கத்தி விழுந்துச்சு. கீழறையில பதினோரு வருஷம் இருந்தேன். திரும்பிப் போகப் பயமா இருந்துச்சு. அவ்வளவுதான். வேற ஒண்ணும் இல்ல.”

சிரித்த முகங்கள் கொஞ்சம் தணிந்தன. ஆனால் மிக்டாலியா இன்னும் நின்றுகொண்டிருந்தாள். கூடத்தில் உண்மையாகக் கோபப்பட்டவள் அவள் ஒருத்திதான்.

“இவங்களுக்கு என்ன, சிரிச்சாங்க, அழுதாங்க. என் கதையை என்ன பண்ணினே நீ?” என்றாள். “நேத்து அந்த மனுஷன் வெளிக்கேட்டுல இருந்து விதவை வீட்டுக்கு மழையில நடந்து வந்தாரு. எட்டு நிமிஷம். ஒரு வார்த்தை கெடையாது. எங்க வீட்டுக் கூடத்துல முப்பது பேரு, ஒருத்தர் மூச்சு விடல. இந்த மாதிரி பதிமூணு பகுதி போயிருக்கு. பதிமூணு! அத்தனையையும் நீ ஒருத்தியே பாத்துட்டு, எனக்கு அல்வாவும் படகும் குடுத்திருக்கே. திருப்பிக் குடு.”

“எங்க வீட்ல ஒருத்தர் மூச்சு விட்டார். குறட்டையா விட்டார்” என்றது ஒரு குரல்.

“சும்மா இரு. திருப்பிக் குடுடி.”

“நோட்டுல இருக்கு” என்றாள் ஒடாலிஸ்.

“படி.”

ஒடாலிஸ் ஃபெர்மினைப் பார்த்தாள். அவர் தலையசைத்தார். அவள் நோட்டைப் பிரித்து, எதையும் கூட்டாமல் குறைக்காமல், செய்தித்தாள் வாசிக்கிற குரலில் வாசித்தாள்.

“பகுதி ஒன்பது. கேப்டன் ஆரஞ்சு உரித்தார். சாப்பிடவில்லை. பகுதி பத்து. விதவையைப் பார்க்கப் போனார். விதவை உட்காரச் சொன்னார். உட்கார்ந்தார். பகுதி பதினொன்று. முந்தைய பகுதியின் தொடர்ச்சி. இன்னும் உட்கார்ந்திருக்கிறார்.”

எங்கோ ஒரு தொண்டை கனைத்தது.

“பகுதி பன்னிரண்டு. எழுந்தார்.”

முதல் சிரிப்பு அங்கே விழுந்தது. இது மாட்டிக்கொண்டவளைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு அல்ல. அவள் தலை தூக்காமல் வாசித்தாள். பதிமூன்றில் குடை. பதினாலில் எலுமிச்சை போட்ட தண்ணீர், குடிக்கவில்லை. பதினாறில் ஒரு மீனவர் கேப்டனைப் பார்த்து வணக்கம் சொல்லிவிட்டு, சற்று யோசித்து, இன்னொரு முறை வணக்கம் சொன்னார்.

“ரெண்டாவது வணக்கம் எதுக்கு?” என்று எலிகியோ தன்னை மறந்து கேட்டான்.

“தெரியாது. எழுதியிருக்கேன்.”

“அட, அதுல ஏதோ இருக்குய்யா!”

“இருக்கும்டா. நான் ரெண்டு மாசமா அதைத்தானே சொல்றேன்” என்றாள் மிக்டாலியா. அவள் உட்கார்ந்துவிட்டாள். கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். கேப்டன் ஒன்றைத் தொடாமல் விடும்போதெல்லாம், “ஆகா, தொடல பாரு” என்று மெல்லச் சொல்லிக்கொண்டாள்.

“பகுதி பதினேழு” என்று வாசித்து ஒடாலிஸ் நிறுத்தினாள். அவள் வேண்டுமென்று நிறுத்தவில்லை, அவ்வளவுதான் எழுதியிருந்தது. “மழை.”

எங்கிருந்து தொடங்கியது என்று தெரியவில்லை, கத்திகள் தட்டின. எல்லாக் கத்தியும் இல்லை. பாதிக்குச் சற்று மேல் இருக்கும்.

ஓட்டெடுப்பு வழக்கம் போல நடந்தது. காலிச் சுருட்டுப் பெட்டி ஒன்று வரிசை வரிசையாகப் போனது. வேண்டும் என்பவர் இலைத் துண்டு போட வேண்டும், வேண்டாம் என்பவர் நரம்பு. ஃபெர்மின் பெட்டியைத் தன் மேசையில் கவிழ்த்து இரண்டு குவியலாகப் பிரித்தார். நரம்பு எழும்பி எழும்பி நிற்கும், கொஞ்சமிருந்தாலும் நிறைய மாதிரித் தெரியும். பதினோரு வருஷம் நரம்பு பார்த்த ஒடாலிஸுக்கு அது தெரியும். தெரிந்தும் அந்தக் குவியலைக் கண்ணாலேயே எண்ணத் தொடங்கினாள்.

ஃபெர்மின் இரண்டு தடவை எண்ணினார். “நரம்பு அம்பத்தஞ்சு. இலை அறுபத்து மூணு.”

ஒடாலிஸ் மேடையில் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

“சந்தோஷப்படுறதுக்கு முன்னாடி ஒரு நிபந்தனை” என்றார் ஃபெர்மின். அவர் எந்தக் குவியலில் சேர்ந்தவர் என்று கேட்க வேண்டியதில்லை. “கூடத்துல சிலருக்கு உள்ளது வேணும். சிலருக்கு இல்லாததும் வேணும்னு தெரியுது. ரெண்டையும் கலக்கக் கூடாது. உள்ளதைச் சொன்னா இந்த நாற்காலியில உக்காந்து சொல்லணும். உங்க கைச்சரக்கைச் சொன்னா எந்திரிச்சு நின்னு சொல்லணும். கேக்கறவங்களுக்குத் தெரியணும்.”

“பேப்பர் வாசிக்கிறப்போ?” என்று பின்வரிசை கேட்டது.

“உக்காந்துதான்” என்றார் ஃபெர்மின் சட்டென்று. “பேப்பர் எப்பவும் உக்காந்துதான்.”

மறுபடி எல்லோருக்கும் இருமல் வந்தது.

எலிகியோ தயங்கித் தயங்கிக் கை தூக்கினான். “நின்னு சொல்றப்போ அந்த இடக்கைக்காரன் வரலாம்ல?”

“வருவான்” என்றாள் ஒடாலிஸ்.

அவன் முகம் பழையபடி ஆனது. நரம்பு போட்டவர்களில் அவனும் ஒருவனாக இருந்திருக்கலாம். அதை அவள் கடைசி வரை கேட்கவில்லை.

மதிய மணி அடிக்க இன்னும் கால் மணி இருந்தது. ஒடாலிஸ் நோட்டில் புதுப் பக்கம் புரட்டி, தேதி போட்டு, கட்டம் கட்டினாள். பகுதி எண் இருபத்திரண்டு என்று எழுதினாள். மூன்றாவது கட்டம் காலியாக இருந்தது. செவ்வாய்க்கிழமை இருபத்து மூன்றாம் பகுதி. மின்மாற்றியைச் சரிசெய்து நாலாம் லைனை மறுபடி இருட்டாக்கிவிடுவார்கள். அதற்குள் இது தெரிந்தாக வேண்டும்.

“நேத்து என்ன ஆச்சு தோழர்களே?” என்று அவள் கூடத்தைப் பார்த்துக் கேட்டாள். “நான் பாக்கல.”

இரண்டு மாதமாக அவர்கள் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி தங்கள் பக்கம் திரும்பும் என்று ஒருவரும் நினைக்கவில்லை. பிறகு நூற்றுப் பதினெட்டுப் பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். தொப்பியைப் பிழிந்தது திண்டின் மேல் வைத்துத்தான் என்றார் ஒருவர். தொப்பியைப் பிழியவே இல்லை, மழைத் தண்ணீர் தானாக வடிந்தது என்றார் இன்னொருவர். விதவை காப்பி கொடுத்தபோது அவள் கை நடுங்கியதா, கோப்பை சூடா என்று நடுவரிசையில் சண்டை மூண்டது. கலக்கியது பதினெட்டுத் தடவை என்று சொன்னவரை மிக்டாலியா பார்த்த பார்வையில் அவர் பத்தொன்பதுக்கு வந்து சேர்ந்தார். ஒன்றுமே நடக்காத பகுதியைப் பற்றி இவ்வளவு பேச இருக்கிறதா என்று ஒடாலிஸ் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு திகைத்தாள்.

“எல்லாரும் வாயை மூடுங்கப்பா!” என்று எலிகியோ எழுந்து நின்று சத்தம் போட்டான். “வரிசையா நான் சொல்றேன். எழுதிக்கங்க தோழர். கேப்டன் வாசல்ல நின்னாரு. சுத்துமுத்தும் பாத்தாரு. அப்போ பாருங்க, தூரத்துல ஒரு ஆளு, இடது கையில—”

நூற்றுப் பதினேழு குரல்கள் ஒன்றாக எழுந்தன.

“உக்காந்து சொல்லுடா!”